பதினேழாம் எண்

எங்கள் உருளைக்கிழங்குச் சோதனை வயலில் எந்த ரகத்துக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூங்கில் குச்சியில் மாட்டிய மஞ்சள் தகட்டில் மார்க்கரால் எழுதியிருக்கும். பெயர் தெரிந்தால் கண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால் எந்த எண் எந்த ரகம் என்ற பட்டியலை வேறொருவர் பூட்டி வைத்திருப்பார். முதல் வருஷம், நவம்பர் கடைசியில் ஒரு காலை, அந்த வயலுக்குள் நடந்தபோது என்னை நிறுத்தியது 17-ஆம் எண். சுற்றியுள்ள வரிசைகளெல்லாம் நுனி சுருண்டு, இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகக் கிடக்க, 17 மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றது. வயலில் மூன்று இடத்தில் அதை நட்டிருந்தோம். மூன்று இடத்திலும் அப்படியே.

அன்று இரவே அப்பாவுக்கு போன் செய்து, "ஒண்ணு கிடைச்சிருச்சுப்பா" என்றேன். அது எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது மீரட்டுக்குப் பக்கம், உத்தரப் பிரதேசத்தின் மேற்குக் கோடியில். கரும்பும் உருளைக்கிழங்கும் மாறி மாறி நிற்கும் சமவெளி. அக்டோபரில் நட்டு, பிப்ரவரி மார்ச்சில் தோண்டி, வெயில் ஏறுவதற்குள் கோல்ட் ஸ்டோருக்கு மூட்டை மூட்டையாக ஏற்றிவிடுவார்கள். இங்கே உருளைக்கு வரும் நுனி இலைச் சுருளை விவசாயிகள் 'மரோடியா' என்கிறார்கள், முறுக்கும் நோய் என்று அர்த்தம். அதை உண்டாக்குவது தக்காளி இலைச்சுருள் நியூடெல்லி வைரஸின் ஒரு வகை. பெயரில் தக்காளி இருந்தாலும் வெண்டை, பூசணி, உருளை என்று பல பயிர்களிலும் வரும். கொண்டுவந்து சேர்ப்பது வெள்ளை ஈ. ஹரியானாவின் ஹிசார் பக்கம் உருளையில் இது கவனிக்கப்பட்டு, 2001-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. எந்த வைரஸ் என்று 2004-இல் உறுதி செய்தார்கள். என் வேலை, பல ரகங்களை ஒரே வயலில் நட்டு, எது இதைத் தாங்குகிறது, எது இதை உள்ளேயே விடாமல் தடுக்கிறது என்று பார்ப்பது.

இதில் நான் வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் எங்கள் வீட்டு விதைக்கிழங்கு. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கார்போகம், கடைபோகம் என்று வருஷத்தில் எப்போதும் எங்கேயாவது பச்சை இருந்துகொண்டே இருக்கும். கிழங்கு தோண்டிய அன்று அப்பா தரம் பிரிப்பார். பெரியது மேட்டுப்பாளையம் மண்டிக்கு, நடுத்தரமும் மண்டிக்கு, கோலி உருண்டைக்குக் கொஞ்சம் பெரிதான பொடி மட்டும் அடுத்த போகத்துக்கு விதை. விற்றால் காசு வராததை விதையாக வைப்பதுதானே நியாயம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நான்கைந்து போகத்தில் விளைச்சல் இறங்கிவிடும். "மண்ணு சலிச்சுப்போச்சு" என்பார் அப்பா. வெளியிலிருந்து புது விதை வாங்கிப் போட்டால் அதே சலித்த மண்ணில் மறுபடி விளையும். அது ஏன் என்று நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேட்டிருக்கிறேன், யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் கல்லூரியில்தான் கிடைத்தது. வைரஸ் பிடித்த செடி பெரிய கிழங்கு வைக்காது, பொடிதான் வைக்கும். அப்பா பொடியைப் பொறுக்கி வைத்தபோதெல்லாம், தெரியாமல் நோய்ச் செடியின் பிள்ளைகளையே தேடி எடுத்து வைத்திருக்கிறார். உருளைக்கு விதை என்பது கிழங்கேதான். தாய்ச்செடியின் வைரஸ் கிழங்கின் ஒவ்வொரு முளைக்கண்ணுக்குள்ளும் உட்கார்ந்து அடுத்த போகத்துக்கு வந்துவிடும். மண் சலிக்கவே இல்லை. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. எத்தனை வருஷ உழைப்பு அது!

மலையில் வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது பெரும்பாலும் அசுவினி என்ற, சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. சமவெளியிலும் ஒரு காலத்தில் அசுவினிதான் பெரிய எதிரி. நாட்டின் விதைக்கிழங்குக்கு மலையையே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த புஷ்கர்நாத் 1960-களில் அதை மாற்றினார். வடக்குச் சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அசுவினி மிகக் குறைவு என்பதை அவர் கணித்தார். அந்த இடைவெளிக்குள் விதைப்பயிரை வளர்த்துவிட வேண்டும். 100 கூட்டிலைக்கு 20 அசுவினி என்ற அளவைத் தொடும் முன்னால், ஜனவரி வாக்கில், மேல்தண்டை வெட்டிவிட வேண்டும். தண்டு இல்லையென்றால் அசுவினிக்கு உட்கார இடமில்லை, கிழங்குக்குள் வைரஸ் இறங்க வழியில்லை. இதற்கு விதை வயல் நுட்பம் என்று பெயர். இவ்வளவு எளிய ஒரு யோசனை ஒரு நாட்டின் உருளைக்கிழங்கையே மாற்றியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

வெள்ளை ஈ நுழைந்தது அந்த இடைவெளிக்குள்தான். அசுவினி இல்லாத அக்டோபர் வெயிலில் வெள்ளை ஈ ஏராளம். குளிர் இறங்கும்போது குறையும். அதாவது செடி முளைத்து இரண்டு மூன்று இலை விட்டு, மிக இளசாக இருக்கும் நாளில் இது வந்து உட்காருகிறது. அசுவினிக்காகக் குறித்து வைத்த நாட்காட்டி இதற்கு உதவவில்லை. கொஞ்சம் தாமதித்து நட்டால் ஈயிடமிருந்து தப்பலாம்தான். ஆனால் முதலில் மண்டிக்குப் போகும் கிழங்குக்குத்தான் விலை. அதனால் செப்டம்பர் கடைசியிலேயே நடுகிறவர்கள் இருக்கிறார்கள், நோயும் அவர்கள் வயலில்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வயலில் நாங்கள் வேண்டுமென்றே சீக்கிரம் நடுவோம், ஈ வரட்டும் என்று. சில வரிசைக்கு ஒன்றாக, எளிதில் நோய் வாங்கும் ரகம் ஒன்றை, ஏற்கெனவே வைரஸ் உள்ள கிழங்கிலிருந்து நட்டு வைப்போம். நோய் அங்கிருந்து எல்லாப் பக்கமும் பரவும். பூச்சிமருந்து கிடையாது. காலை ஆறு மணிக்கு, பனி காயும் முன்னால், ஈ மந்தமாக இருக்கும்போது இலையைக் காம்போடு மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தை எண்ண வேண்டும். செடிக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இலை. அரிசிமாவு தூவிய மாதிரி இருக்கும். கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் மாவு பறந்துவிடும், எண்ணிக்கை போய்விடும். எங்களோடு வேலை செய்யும் வயதான விவசாயி ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்க வழக்கப்படி அவரை எல்லோரும் 'தாவூ' என்போம், பெரியப்பா முறை. அவர் விரல் பட்டு ஓர் ஈ பறந்து நான் பார்த்ததில்லை. "பேட்டி (மகளே), மூச்சை அந்தப் பக்கம் விடு" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

வயல் மட்டும் போதாது. எந்தச் செடியில் எத்தனை ஈ உட்காரும் என்பது காற்றின் கையில் இருக்கிறது. ஆகவே வலைக்கூண்டு சோதனையும் உண்டு. சுத்தமான ஈக்கூட்டத்தைப் பருத்திச் செடியில் வளர்ப்போம். அதிலிருந்து எடுத்து, நோய் பிடித்த உருளைச் செடியில் ஒருநாள் விடுவோம். இந்த வைரஸ் ஈயின் வாய் நுனியில் ஒட்டிக்கொண்டு போகும் வகை இல்லை. குடலைக் கடந்து, உடம்புத் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். சேர்ந்துவிட்டால் பல நாளைக்கு அந்த ஈ வைரஸைச் சுமந்து திரியும். (அசுவினி கொண்டுபோகும் உருளை ஒய் வைரஸ் நேர்மாறு. சில நொடி குத்திப் பார்த்தாலே போதும், ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அங்கே மருந்தடித்து அசுவினி சாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.)

பிறகு அந்த ஈக்களை எண்ணி எண்ணிச் சோதனைச் செடிக்கு மாற்ற வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனை என் வாயில், இன்னொரு முனையில் கண்ணாடிக் குழல், நடுவில் ஈ தொண்டைக்குப் போகாமல் இருக்க மெல்லிய வலை. இலையின் அடியில் குழலை வைத்து, குழந்தைக்கு முத்தம் கொடுக்கும் அளவுக்கு லேசாக உறிஞ்சினால் ஓர் ஈ உள்ளே வரும். கொஞ்சம் பலமாக உறிஞ்சினால் இறக்கை ஒடிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் உயிர் அது. இறக்கை மேல் மெழுகுத்தூள் இருக்கும், கண்ணாடிக் குழலின் உள்பக்கமெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். செடிக்குப் பத்து ஈ. எல்லாச் செடியும் ஒரே வயது, ஒரே இலை எண்ணிக்கை. இரண்டு நாள் கழித்து மருந்தடித்து ஈயைக் கொன்றுவிட்டு, காத்திருக்க வேண்டியதுதான். இந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்கிறேன். ஒரு நாள் முழுக்கக் குனிந்தே இருந்தாலும் எனக்குச் சலிப்பு வருவதில்லை.

இப்போது 17-க்கு வருகிறேன்.

டிசம்பரில் ஒவ்வொரு ரகத்திலும் இலை எடுத்துப் பி.சி.ஆர். செய்தோம். வைரஸின் டி.என்.ஏ. இருந்தால் ஜெல்லில் ஒரு கோடு தெரியும், இல்லாவிட்டால் இருட்டு. 17-இன் இலைகளை நானே கொண்டுபோனேன், நானே அரைத்தேன். ஜெல்லை விளக்கு மேல் வைத்தபோது பாதிக்கு மேல் கோடு விழுந்திருந்தது. மாதிரி மாறிவிட்டதோ என்று மறுபடி வயலுக்கு ஓடி, புதிதாக இலை பறித்து வந்து செய்தேன். அதே கோடுகள். பளபளவென்று நின்ற அந்தச் செடிகளுக்குள் வைரஸ் இருந்தது.

அப்போதும் எனக்கு 17-ஐ விட மனசில்லை. நோய் இருந்தும் காட்டாமல் தாங்குகிறது போல, அதுவும் நல்லதுதானே என்று வாதாடினேன். தாவூவும் என் பக்கம். "இலை நல்லா இருக்கு, கிழங்கும் நல்லா இறங்குச்சுன்னா எனக்கு அது போதும் பேட்டி. உள்ளே என்ன இருந்தா என்ன?" விவசாயி கேட்கும் நியாயமான கேள்வி அது, அதற்கு முகத்துக்கு நேரே பதில் சொல்லியாக வேண்டும். தாங்கும் செடி அவர் வயலுக்குத் தீங்கில்லாமல் இருக்கலாம். ஆனால் அது ஈக்குத் திறந்துவிட்ட தண்ணீர்ப்பந்தல். சுருண்ட செடியாவது கண்ணில் படும், பிடுங்கி எறியலாம். இது கண்ணில் படாமல் நின்று, பக்கத்து வயல் தக்காளிக்கும் வெண்டைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பக்கத்து வயலைப் பார்த்தார். அது அவருடைய தம்பி மகனின் தக்காளி.

பிப்ரவரியில் ஒவ்வொரு செடியின் கிழங்கையும் தனித்தனிப் பையில், செடி எண் எழுதி, கோல்ட் ஸ்டோரில் வைத்தோம். அடுத்த அக்டோபரில், ஈ நுழைய முடியாத வலைக்கூடாரத்துக்குள் அவற்றை நட்டோம். வெளியிலிருந்து ஒரு ஈ கூட வராது, அங்கே தெரியும் நோய் எல்லாம் கிழங்கோடு வந்ததுதான். 17 முளைத்தது. முளைக்கும்போதே வளைந்து முளைத்தது. இலை விரியாமல், கை முஷ்டி மாதிரி மூடிக்கொண்டு, ஒரு சாணுக்கு மேல் உயரவே இல்லை. எந்தச் செடியின் இலையில் கோடு விழுந்ததோ, அநேகமாக அந்தச் செடியின் கிழங்கெல்லாம் இப்படி. தாங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

அப்படியென்றால் முதல் வருஷம் ஏன் அவ்வளவு அழகாக நின்றது? பதில் என் நோட்டிலேயே இருந்தது, நான் எழுதிய எழுத்திலேயே. ஒவ்வொரு எண்ணும் எந்தத் தேதியில் முளைத்தது என்று குறித்திருந்தேன். 17 மற்றவற்றைவிட மூன்று வாரம் பிந்தி முளைத்திருக்கிறது. விதைக்கிழங்கின் உறக்கம் கலையவில்லை. ஈ உச்சத்தில் இருந்த அந்த வாரங்களில் அது மண்ணுக்குள் பத்திரமாகத் தூங்கியிருக்கிறது. வெளியே வந்தபோது குளிர் தொடங்கி ஈ குறைந்திருந்தது. தொற்று கடைசியில்தான் வந்தது. வளர்ந்த செடியில் பிந்தி வரும் தொற்று இலையில் தெரியாது, சத்தமில்லாமல் கிழங்குக்கு இறங்கிவிடும். கூண்டுக்குள் ஒரே வயதுச் செடிகளில் ஈயை விட்டபோது 17 மற்றவற்றோடு சேர்ந்து மூன்றே வாரத்தில் சுருண்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே பருவத்தில் இலையைப் பார்த்துவிட்டு "எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம்" என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. திட்டத்துக்குக் காலக்கெடு, அறிக்கைக்கு அவசரம், எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் கிழங்கை எடுத்து மறுபடி நட்டுப் பார்க்காத எந்த உருளைச் சோதனையையும் நான் இனி நம்ப மாட்டேன். விவசாயி நடப்போவது இலையை இல்லை, அந்தக் கிழங்கைத்தான்.

சரி, நல்லது எதுவுமே கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. 9-ஆம் எண். முதல் வருஷம் நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஏனென்றால் பனிக்காலத்தில் வரும் கருகல் நோய் அடித்து இலையெல்லாம் கறுத்த புள்ளியோடு அலங்கோலமாக நின்றது. ஆனால் ஜெல்லில் அநேகமாக எல்லாம் இருட்டு. இரண்டாம் வருஷம் கிழங்கு நட்டபோது நேராக முளைத்தது. கூண்டில் பத்துப் பத்து ஈ விட்டும் ஒன்றிரண்டு செடிதான் சுருண்டது. பட்டியலைத் திறந்தபோது அது குஃப்ரி பஹார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே, எங்களுக்குச் சொல்லாமல் உள்ளே வைத்திருந்த ரகம். இந்த நோயை அது பெரிய அளவில் வாங்குவதில்லை என்று ஆய்வுலகத்துக்கு முன்பே தெரியும். எண் மறைத்து வைத்ததால், எங்கள் வயலும் அதையே தானாகச் சொன்னது.

தாவூ பெயரைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, சைன்தீஸ் சத்தானவே! இதைத்தானே எங்க அப்பா காலத்திலிருந்து போடுறோம்!" இந்தியில் முப்பத்தேழு தொண்ணூற்றேழு, அதாவது 3797. அது பஹார் ரகமாக வெளிவரும் முன்னால் சோதனை வயலில் அதற்கு இருந்த எண். 1980-இல் பெயர் வைத்து வெளியிட்டார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்துச் சந்தையில் இன்றும் எண்தான் பெயர். 1980-இல் இந்த நோயை மனதில் வைத்து யாரும் அந்த ரகத்தை உருவாக்கியிருக்க முடியாது, உருளையில் அது கவனத்துக்கு வந்ததே இருபது வருஷம் கழித்துத்தான். யாரும் கேட்காமலே அந்தக் குணம் அதற்குள் இருந்திருக்கிறது. பழைய ரகங்களைப் பாதுகாத்து வைப்பதற்குச் செலவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பஹாரைத்தான் காட்டுவேன்.

பஹாரே போதுமே என்றால், போதாது. கருகலுக்கு அது சீக்கிரம் விழும், என் கண்ணாலேயே பார்த்தேன். சிப்ஸுக்கு உதவாது. ஆகவே பஹாரின் இந்தக் குணத்தை வேறு ரகத்துக்குள் கொண்டுபோக வேண்டும். உருளையில் ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு பிரதி, மொத்தம் 48. தாய் தந்தையைச் சேர்த்தால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. நூற்றுக்கணக்கில் வளர்த்து, பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிய வேண்டும். சமவெளியின் குறுகிய பகலில் உருளை சரியாகப் பூக்காது என்பதால் மகரந்தச் சேர்க்கையை சிம்லாவுக்கு மேலே குஃப்ரி மலையில் கோடையில் செய்கிறார்கள். ரகங்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் குஃப்ரி அந்த ஊர்தான். குட்டித் தக்காளி மாதிரி காய்க்கும் அந்தக் காய்களின் விதையிலிருந்து முளைத்த பிள்ளைகளின் முதல் கிழங்குகள் இந்த வருஷம் எங்களிடம் வந்திருக்கின்றன. சில கோலிக்குண்டு அளவு, சில எலுமிச்சை அளவு. இந்தத் தடவை முளைக்கும் தேதியை முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். எல்லாக் கிழங்கையும் ஒரே நாளில் கோல்ட் ஸ்டோரிலிருந்து எடுத்து, நிழலில் பரப்பி, முளை சமமாக வந்த பிறகுதான் நடப்போகிறோம்.

அப்பாவிடம் பொடியை விதைக்கு வைக்க வேண்டாம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய கிழங்கை மண்ணில் புதைக்க அவருக்குக் கை வரவில்லை. 17-இன் கதையை முழுக்கச் சொல்லி, வலைக்கூடாரத்தில் முஷ்டி மாதிரி முளைத்த செடியின் படத்தையும் அனுப்பிய பிறகு, இந்தக் கார்போகத்தில் வேறு வழி ஒன்று பேசிக்கொண்டோம். செடி பச்சையாக நிற்கும்போதே, மூன்று தடவை நடந்து பார்த்து, மூன்று தடவையும் நன்றாக இருக்கும் செடிக்குப் பக்கத்தில் குச்சி நடுவது. இடையில் சுருண்டால் குச்சியைப் பிடுங்கிவிடுவது. தோண்டும்போது குச்சி வைத்த செடியின் கிழங்கு மட்டும், பெரிதோ சின்னதோ, விதைக்கு. பார்வைக்கு நல்ல செடி என்றால் உள்ளே சுத்தம் என்று அர்த்தமில்லை, அதை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். ஆனாலும் பொடியைப் பொறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். அடுத்த போகத்தில் செடிவாரியாகத் தனித்தனிக் குழியில் நட்டால் உள்ளே இருப்பதும் தெரிந்துவிடும்.

போன வாரம் தோண்டி முடித்துவிட்டு போன் செய்தார்.

"எத்தனை குச்சிப்பா கடைசியில நின்னுச்சு?"

"இரு கண்ணு, எண்ணிச் சொல்றேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். குச்சிகளைக் கட்டு கட்டாக எடுத்துத் தரையில் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

"முந்நூறு நட்டேன். நூத்தி நாப்பத்தாறு நிக்குது. பாக்கி எல்லாம் மண்டிக்கு ஏத்தியாச்சு, பெருசு, பொடி எல்லாம்."